பதினோராவது கோரிக்கை

மூச்சை எண்ணச் சொன்னார்கள், ஓதிச்சாமி எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று உள்ளே, இரண்டு வெளியே. இருபது வரை போக வேண்டுமாம், நடுவில் வேறு நினைப்பு குறுக்கிட்டால் நம்மேல் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமாம். சொன்ன பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், பெயர் மிருதுளா, கன்னத்தோரம் ஈர்க்குச்சி மாதிரி ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். சிங்காநல்லூரில் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிற இந்த நீள அறையில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கைகால் திடமாக இருக்கிற முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நாடு எவ்வளவு திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாமே. மறுபடி ஒன்று. உள்ளே. நெஞ்சைப் பிளந்து தைத்து எட்டு மாதம் ஆகிறது, தையல் ஓடின கோடு மழைக்கு முன்னால் அரிக்கும், இன்றைக்கு அரித்தது. ஆறு, ஏழு. வலது பக்கத்து நாற்காலியில் பழனாத்தாள் மூச்சு விடுவது கேட்டது, ஐம்பது வருஷமாகக் கேட்கிற மூச்சு, அவளுக்கு எண்ண வேண்டிய தேவையே இல்லை, அது தானாகச் சீராகப் போகும். எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு. எங்கேயோ ஒன்று தப்பிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து வந்தார். மறுபடியும் பத்துக்கு அப்புறம் பன்னிரண்டுதான் வந்தது. பாதையில் பள்ளம் இருக்கிற இடம் தெரிந்த மாடு வண்டிக்காரன் சொல்லாமலே விலகிப் போவதுபோல மனசு அந்த எண்ணைச் சுற்றிக்கொண்டு போனது.

"பிரச்சினை வெளியில இல்லைங்க, நம்ம பார்வையிலதான் இருக்கு," என்றாள் மிருதுளா, தொட்டில் ஆட்டுகிற குரலில். "வெளியில நடக்கிறதை நம்மளால மாத்த முடியாது. மாத்த முடிஞ்சது நம்ம எண்ணத்தை மட்டும்தான்." ஓதிச்சாமியின் இரண்டு தொடைகளும் தானாக இறுகின. இந்த வாக்கியம் அவருக்குப் புதிதல்ல, இதே வாக்கியத்தை நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்த மில்லின் பர்சனல் ஆபீசர் வாயில் கேட்டிருக்கிறார், கார்டிங் பகுதியில் பஞ்சுத் தூசி புகைபோல நின்று ஆட்கள் இருமி இருமி விழுந்தபோது. தூசி எல்லா மில்லிலும்தான் இருக்கிறது, இருமுகிறவன் இருமுகிறான், இருமாதவன் இருமவில்லை, மனசில் தெம்பு வேண்டும்பா, என்றார் அந்த மனுஷன். கார்டிங் பொன்னான் மனசில் தெம்போடுதான் செத்தான். இந்த மிருதுளாவும் முன்னே ஏதோ கம்பெனியில் ஆட்களைச் சேர்க்கிற, நிறுத்துகிற வேலையில் இருந்தவள் என்று அறிமுகத்திலேயே சொன்னாள். அப்படியானால் இவள் அந்த ஆபீசருக்குப் பேத்தி முறை. எழுந்து நின்று, அம்மா, ஆட்சேபிக்கிறேன், என்று சொல்ல வேண்டிய இடம் இது. வாழ்நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருந்ததைவிட எழுந்து போனதுதான் அதிகம். அதற்கு ஒரு முறை உண்டு. நாற்காலியைச் சத்தம் வருகிற மாதிரிப் பின்னால் தள்ள வேண்டும். காகிதங்களை அவசரப்படாமல் அடுக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம், அதற்கு மேல் பேசினால் வீரியம் போய்விடும். வாசலில் துண்டை ஒருமுறை உதறித் தோளில் போட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இப்படித்தான் லேபர் ஆபீசிலிருந்து, கட்சியிலிருந்து, மச்சினன் வீட்டு விருந்திலிருந்து, சொந்த மகள் கல்யாணத்தில் யாரோ ஒரு முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தியபோது அந்த மண்டபத்திலிருந்தும் எழுந்து போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய முதல் மன அமைதி வகுப்பிலிருந்து இருபதாவது நிமிஷத்தில் எழுந்தார். இரண்டாவதிலிருந்து பத்தாவது நிமிஷத்தில்.

இது மூன்றாவது. வரும்போது பஸ்ஸில் பழனாத்தாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதுலயும் பாதியில எந்திரிச்சு வந்தீங்கன்னா நான் ஓசூர் போயிருவனுங்க. செல்வி கூப்புட்டுட்டேதான் இருக்கறா." "போ. போயி எத்தனை நாளைக்கு இருப்பே? மருமவன் வீட்டுச் சோறு நாலு நாளைக்கு மேல உள்ள இறங்காது." "இறங்குமுங்க. துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு." அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, காலையில் கட்டிலுக்கடியில் செருப்புத் தேடியபோது ஜிப் போட்ட ஒரு பை இடித்தது. பழனாத்தாள் மிரட்டுகிற ஆள் இல்லை. மிரட்டத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அவளோடு பேச்சுவார்த்தை நடத்தியிருக்கலாம். டாக்டர் சொன்னதைச் சொன்னாள்: இன்னொரு தடவை நெஞ்சடைத்தால் தாங்காது, கோபம் ஆகாது. "நீங்க கத்திக் கத்திச் செத்துப்போறதை நான் உக்காந்து பாக்கோணுமா? அதுக்கு நான் அக்கட்டால போயிக்கறேன்." பஸ்ஸில் அவர் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இப்போது இறுகின தொடைமேல் அவளுடைய கை வந்து உட்கார்ந்தது, கண்ணைத் திறக்காமலே. ரீலிங் பகுதியில் முப்பது வருஷம் நூல் இழுத்த கை, நடுவிரலில் இன்னும் காய்ப்பு. தொடை மெல்லத் தளர்ந்தது. பார்வையிலதான் இருக்கு, சரி அம்மா, இருக்கட்டும், இன்னும் ஐம்பது நிமிஷம்.

இப்போது உங்கள் வாழ்க்கையில் ரொம்பச் சந்தோஷமாக இருந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள், அங்கேயே போய் நில்லுங்கள், வாசனை, சத்தம், எல்லாம், என்றாள் மிருதுளா. கீழே கடையில் யாரோ ஓர் அண்டாவை இழுத்தார்கள், சிமெண்டுத் தரையில் அது உறுமியது. அவ்வளவுதான், ஓதிச்சாமி எங்கும் தேடிப் போகவில்லை, நேரே மில் வாசலில் போய் நின்றார். வேலைநிறுத்தம் தொடங்கிய பத்தாம் நாள், கையிலிருந்த அரிசி எல்லார் வீட்டிலும் தீர்ந்து, வாசலுக்கு எதிரே சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் கஞ்சித்தொட்டி திறந்த நாள். நாலு அண்டா, கல்யாண சமையல்காரர் ஒருவர் வாடகை வாங்க மாட்டேன் என்று கொண்டுவந்து இறக்கினார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் ஆளுக்கு ஒரு படி அரிசி. இருகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டிச் சோளம், கொடுத்தவர் பெயர் சொல்லாமலே போய்விட்டார். முருங்கைக் கீரைக்குப் பஞ்சமில்லை. ரீலிங் பெண்கள் முறை வைத்துக் கிண்டினார்கள், பழனாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படகோட்டிபோல இரண்டு கையாலும் துடுப்பை வலித்தாள், அவள் முகம் ஆவியில் பளபளவென்று இருந்தது. ஆயிரத்து இருநூறு பேர். தட்டு இல்லாதவன் சட்டி கொண்டுவந்தான், சட்டி இல்லாதவன் பூவரச இலை. ஒரு வேளைக் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள ஒரு கல் உப்பும் பாதி மிளகாயும், அந்தப் பசியில் எங்கிருந்து வந்தது அத்தனை சிரிப்பு? சாயங்காலம் ஆனால் மறுநாள் நோட்டீஸை அவர் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவார். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு. அதற்கு மேல் தெரிந்தது எல்லாம் ரோஸ் காகிதத்திலும் மஞ்சள் காகிதத்திலும் வந்த துண்டறிக்கைகளில் கற்றதுதான், எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்துக் கடைசியில் எழுதவே வந்துவிட்டது. "ஏகாதிபத்தியக் கைக்கூலிகளே" என்று தொடங்குவார். "ஓதி, அது வேண்டாம், வாயில நுழைய மாட்டேங்குது, திருட்டுப் பசங்களான்னு போடு," என்பான் ஸ்பின்னிங் திம்மராயன். "திருட்டுப் பசங்களான்னு போட்டா கேஸ் போடுவான்டா." "ஏகாதிபத்தியம்னா மட்டும் போட மாட்டானா?" "அது அவனுக்கும் புரியாதுல்ல." கொட்டகையே அதிரும். பிறகு பசை காய்ச்சுவார்கள், மைதாப் பசையில் துளி மயில்துத்தம் போட்டால்தான் சுவரில் ஒட்டியதை மாடு தின்னாது. நாக்கில் ஒட்டிக்கொள்கிற அந்தத் துத்தக் கசப்பு, சைக்ளோஸ்டைல் மையின் மண்ணெண்ணெய் வாடை, கஞ்சி கொதிக்கிற வாடை, மூன்றும் சேர்ந்த காற்றை அதற்கப்புறம் அவர் எங்கும் சுவாசிக்கவில்லை. கொடிக்கம்பத்துக்கும் கொட்டகைக் கம்பத்துக்கும் நடுவே ஒரு தூளி தொங்கியது. அதில் நாலு மாதப் பிள்ளை, புரட்சிச்செல்வி, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது புரட்சியை உதிர்த்துவிட்டு வெறும் செல்வி ஆனவள், அவ்வளவு கோஷத்துக்கும் நடுவே வாய் பிளந்து தூங்குவாள். அழுதால் பழனாத்தாள் துடுப்பை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவந்து தூக்கிக்கொண்டு தகரத்தின் மறைவில் உட்கார்ந்துவிடுவாள். வேலைநிறுத்தம் நடந்த அறுபத்துமூன்று நாளும் பிள்ளை அவள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கேட்டபோதெல்லாம் பால். அப்படி அவள் வேறு எப்போதும் கொடுக்கவில்லை, வேலைநிறுத்தம் முடிந்தது, சங்கு ஊதியது, அதோடு சரி.

இந்த இடம் வந்தால் மனசு சட்டென்று கையை உதறிக்கொள்ளும். வேறு ஏதாவது நினை. மாலை நினை, தோளில் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூர் வரைக்கும் ஊர்வலம் போனார்களே அதை நினை, தப்பட்டை, வெடி, அவர் கழுத்தில் ஏழு மாலை. ஊர்வலம் மில் வாசலைத் தாண்டியபோது அண்டா கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், கையெல்லாம் சாம்பல். அங்கேதான் மறுபடி வந்து முட்டிக்கொள்கிறது. பத்து, பன்னிரண்டு. சுற்றிக்கொண்டு போனாலும் மாடு பள்ளத்தைத்தானே பார்த்துக்கொண்டு போகிறது. கோரிக்கைப் பட்டியலில் பதினாலு இருந்தது. பதினோராவது, பெண் தொழிலாளருக்குப் பிள்ளை பராமரிக்கும் அறை, பால் கொடுக்க ஷிப்டுக்கு இரண்டு முறை இடைவேளை. அந்த வாசகம் அவர் சொந்தமாக எழுதினதில்லை. ரீலிங்கிலிருந்தும் வைண்டிங்கிலிருந்தும் நாற்பது பெண்கள் சங்க ஆபீசுக்கு வந்து சொன்னதை அப்படியே எழுதினார், முன்னால் நின்று பேசினது பழனாத்தாள், பேசும்போது ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது, அதைத் துண்டால் மறைத்துக்கொண்டே பேசினாள். எட்டு மணி நேர ஷிப்டில் பால் கட்டிக்கொண்டால் ரீலிங்குக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையோரம் போய்ப் பீய்ச்சிவிட்டு வருகிறோம், அந்தக் கோடு பூரா எறும்பு ஊருதுங்க, என்றாள். அதையும் எழுதலாமா என்று யோசித்து எழுதாமல் விட்டார், கோரிக்கையில் எறும்பு எதற்கு. அன்றைக்குச் சாயங்காலம் தலைவர் சாமிக்கண்ணு வந்தார், பட்டியலை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார், எல்லாச் சங்கத்திலும் எல்லாத் தலைவரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "எல்லாஞ் சரி. விடறதுக்கு எதைய வச்சிருக்கே?" பட்டியல் என்று ஒன்று போட்டால் அதில் ஒன்று விடுவதற்கு இருக்க வேண்டும், எதிராளியும் ஏதோ ஒன்றைப் பிடுங்கினேன் என்று முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டாமா? கடைசியில் வைத்தால் கண்டுகொள்வான். முதலில் வைத்தால் ஆட்களிடம் பதில் சொல்ல முடியாது. ஓதிச்சாமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, அதுதான் முள், யோசித்திருந்தால் யோசித்தேன் என்றாவது இருக்கும். விரல் தானாகப் போய்ப் பதினொன்றின்மேல் நின்றது. ஆம்பிளைகள் சண்டைக்கு வர மாட்டார்கள். பெண்கள் கோபித்துக்கொண்டாலும் வேலைக்குத் திரும்பிவிட மாட்டார்கள். "நல்ல இடம்," என்றார் சாமிக்கண்ணு. அப்படியே நடந்தது. லேபர் ஆபீசில் நூற்றிருபது தற்காலிகத் தொழிலாளிகளை நிரந்தரம் ஆக்குகிற ஆறாவது கோரிக்கைக்காக மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினார், மேசையைத் தட்டினார், ஒருமுறை எழுந்து போய்த் திரும்பக் கூப்பிடவைத்தார். கடைசியில் பர்சனல் ஆபீசர், பதினொன்றை விட்டால் ஆறைத் தருகிறோம், என்றபோது ரொம்ப வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு டீ வாங்கிக் குடித்தார். டீ சூடாக இருந்ததால் பத்து நிமிஷம் ஆனது. சாம்பல் கையோடு நின்றவள் கேட்டாள், "பதினொண்ணு?" அவர் சொன்னார், "அவனுக மசியலை பழனா. மூணு மணி நேரம் அதுக்கே மல்லுக்கட்டினேன்." "மல்லுக்கட்டினீங்கல்ல, அது போதுங்க," என்றாள். அடுத்த பட்டியலில் முதலாவதாக வைப்போம் என்றார். அடுத்த பட்டியல் வருவதற்குள் செல்வி நடக்கத் தொடங்கியிருந்தாள். பால், வேலைக்குத் திரும்பின ரெண்டாவது மாதமே வற்றிவிட்டது.

கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். வெளிச்சம் கூசியது. ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் வந்தன. இன்றைக்கு நீங்கள் நன்றி சொல்ல நினைக்கிற மூன்று விஷயங்களை எழுதுங்கள், தினமும் காலையில் இப்படி எழுதினால் ஒரு மாதத்தில் மனசின் திசையே மாறிவிடும், என்றாள் மிருதுளா. இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் உடனே மடமடவென்று எழுதத் தொடங்கிவிட்டார், அவருக்கு அவ்வளவு நன்றி எங்கே கிடந்ததோ. ஓதிச்சாமி தாளின் தலைப்பில் ஒரு கோடு இழுத்தார். கை பழக்கத்தில் "கோரிக்கை எண் 1" என்று எழுதிவிட்டது. அதை அடித்தார். நன்றி எண் 1: பஸ் நேரத்துக்கு வந்தது. அப்படியே விட மனமில்லாமல் பக்கத்தில், இந்தத் தடத்தில் பஸ் விட்டதே நாம் மறியல் செய்த பிறகுதான், என்று சேர்த்தார். நன்றி எண் 2: காலையில் இட்லி. இதற்கு மேல் ஓடவில்லை. எண்ணம் மாறினால் வாழ்க்கை மாறும் என்று சுவரில் தொங்கிய துணிப்பதாகையைப் பார்த்தார், எழுத்து நன்றாகத்தான் இருந்தது, நிறம்தான் சுவரோடு போட்டி போடவில்லை, நாம் என்றால் கருப்புக் கட்டம் கொடுத்திருப்போம். அப்புறம் வலது பக்கம் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. பழனாத்தாள் தாளைத் தொடைமேல் வைத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவளும் நோட்டீஸ் பார்த்து எழுத்துப் பழகினவள்தான், ஒவ்வொரு எழுத்தும் சுவரில் ஒட்டுவதற்கு எழுதினதுபோலப் பெரிசாக இருக்கும், மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தாலும் படிக்கலாம். ஒன்று, இவங்க பிழைச்சு வந்தது. ரெண்டு, செல்விக்கு வீடு அமைஞ்சது. மூணு, எங்க பதினோராவது கோரிக்கைக்கு இவங்க மூணு மணி நேரம் மல்லுக்கட்டுனாங்க. எனக்காக ஒருத்தர் மல்லுக்கட்டுனது அந்த ஒரு தடவைதான்.

அறை எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. தையல் கோடு அரிக்கவில்லை, எரிந்தது. அவர் பொய் சொன்னது ஒரே ஒரு வரி. அதை அவள் இத்தனை வருஷம் காய்ந்துபோகாமல் வைத்திருந்திருக்கிறாள், தங்கம் இருந்த நாளிலும் அது அடகு போன நாளிலும், மில் மூடினபோதும், இவர் கட்சியைவிட்டு வந்து ஊமை மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த இரண்டு வருஷத்திலும். பக்கத்து வீட்டுக்காரிகளிடம், பேத்தியிடம், ஆஸ்பத்திரி நர்சிடம்கூட அவள் சொல்லிக் கேட்டிருக்கிறார், எங்க வீட்டுக்காரர் அந்தக் காலத்துல எங்களுக்காக என்று தொடங்குவாள், அவர் எழுந்து வெளியே போய்விடுவார், அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். "இப்ப பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சுக்குங்க," என்றாள் மிருதுளா. "இதுவரைக்கும் அவங்ககிட்ட சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லணும். சின்னதா இருந்தாலும் பரவால்ல. அஞ்சு நிமிஷம். கேக்கறவங்க பதில் பேசக்கூடாது. மனசுல வாங்கணும், விட்டுடணும்." இப்போது எழுந்துவிடலாம். இதற்கு மேல் நல்ல சந்தர்ப்பம் கிடையாது, குடும்ப விஷயத்தைக் கூட்டத்தில் பேசச் சொல்ல நீ யார், ஒரே வாக்கியம், நாற்காலி சத்தம், துண்டு. அவள் ஓசூர் போவாள். ஆனால் மூன்றாவது வரியைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போவாள், செல்வி வீட்டு மாடியில் உட்கார்ந்து பேத்தியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். உட்கார்ந்தே இருந்து வேறு ஏதாவது சொன்னாலும் சரிதான், சொல்லாத விஷயத்துக்கா பஞ்சம். எழுந்து போனதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனதுதான், இன்றைக்கு எழுந்தால் பயந்து எழுந்ததாகும், அது அவருக்கு மட்டும் தெரியும், அவருக்குத் தெரிந்தால் போதாதா.

பழனாத்தாள் முந்திக்கொண்டாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சந்தையில் இரகசியம் பேசுகிற மாதிரிக் குனிந்தாள். "நான் ஒண்ணு சொல்றனுங்க. கத்தக் கூடாது. பரண்மேல உங்க நோட்டீஸ் கட்டு இருந்துச்சுல்ல, பாதி கரையான் தின்னுபோச்சு. போன மாசமே எறிஞ்சுட்டேன். கேட்டா தேடிட்டு இருக்கேன்னு சொல்லலாம்னு இருந்தேன்." அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கத்தலுக்குக் காத்திருந்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை. நாற்பது வருஷத்துக் காகிதம் போயிற்று, போகட்டும்.

"பழனா, அந்தப் பதினொண்ணு."

"காயிதத்தை எட்டிப் பாத்துட்டீங்களா? பாக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே."

"அதுக்கு நான் மல்லுக்கட்டலை."

அவள் சிரித்தாள், இவர் ஏதோ பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று நினைத்து. "மூணு மணி நேரம்..."

"மூணு மணி நேரம் ஆறுக்கு. பதினொண்ணுக்கு ஒரு டீ குடிக்கற நேரம்."

பக்கத்தில் போஸ்ட்மாஸ்டர் தன் மனைவியிடம் ஏதோ சொல்லி விசும்பிக்கொண்டிருந்தார். பழனாத்தாள் யோசித்தாள். "சரி. அவங்க கேட்டாங்க, வேற வழியில்லாம நீங்க விட்டீங்க. நூத்தியிருபது குடும்பம்." வழி அவளே திறந்துவிட்டாள். அகலமான கதவு, நுழைந்துபோய்விட்டால் இருவருக்கும் நல்லது, பாதி உண்மையும் உண்மைதானே, எத்தனை மேடையில் பாதியைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

"அங்க போயி விடலை. விடறதுக்குன்னே வச்சிருந்தது. விடறதுக்கு எதுன்னு சாமிக்கண்ணு கேட்டாரு. நான் விரலை வச்சேன்."

"எப்ப?"

"பட்டியல் எழுதுன அன்னிக்கே."

"நாங்க நாப்பது பேரு வந்து சொன்னமே. அதுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தி. அன்னிக்குச் சாயந்தரம்."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். எந்த விரல் என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு அதை மடியிலிருந்து எடுத்து அவர் தொடைமேல் திருப்பி வைத்தாள், இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பதுபோல, தூக்கி எறியாமல். "நூத்தியிருபது பேரு, பழனா..." என்று தொடங்கினார். "தெரியுமுங்க. அதுல என்ற தம்பியும் ஒருத்தன். அவன் இன்னிக்குக் கஞ்சி குடிக்கறது அதுலதான். அதைய நான் சொல்லலை." குரல் உயரவே இல்லை. தாளை எடுத்தாள். மூன்றாவது வரியின்மேல் ஒரு கோடு போட்டாள், வாத்தியார் தப்புக் கணக்குக்குப் போடுகிற மாதிரி நேராக, அழுத்தாமல். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "நான் கீழ போறனுங்க." அவரும் பாதி எழுந்துவிட்டார். "நீங்க உக்காருங்க. முடியற வரைக்கும் உக்காரோணும்னுதானே பேச்சு." "பழனா. ஓசூரா?" "அதைய இன்னும் யோசிக்கலைங்க. யோசிக்கறதுக்குத்தான் போறேன். கூட வராதீங்க." பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசிச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று அதைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்தாள். போஸ்ட்மாஸ்டரைத் தாண்டும்போது, கொஞ்சம் காலை மடக்கிக்கிடுங்கண்ணா, என்றாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். படியில் ஒவ்வோர் அடியாக இறங்குவது கேட்டது, முழங்கால் வலிக்கு அவள் வலது காலை முதலில் வைத்து இடது காலைச் சேர்ப்பாள், அப்படியே இறங்கினாள், நடுவில் ஓரிடத்தில் நின்றாள், மறுபடி இறங்கினாள்.

"அம்மா எங்கப்பா போயிட்டாங்க?" என்று மிருதுளா வந்து குனிந்தாள். பக்கத்தில் பார்த்தால் களைத்துப்போன பெண்ணாகத்தான் இருந்தாள், கண்ணுக்கடியில் மை கலைந்திருந்தது. "வெளிய போயிருக்காங்க." "முடியலையா?" "இல்லம்மா. நியாயமாத்தான் போயிருக்காங்க." அவள் அவர் தோளில் தட்டிவிட்டு, பரவால்லப்பா, விட்டுடுங்க, என்றாள். விடுவதில் தேர்ந்த ஆள் நான், என்று வாய்வரை வந்தது. வகுப்பின் கடைசிப் பகுதி சிரிப்பு, எல்லாரும் கையை மேலே தூக்கி வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், காரணம் தேவையில்லை, சிரித்தால் காரணம் பின்னால் வரும். முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் கையைத் தூக்கினார்கள். போஸ்ட்மாஸ்டர் கண்ணீரோடு ஹோஹோவென்று சிரித்துக்கொண்டே இவரை முழங்கையால் இடித்தார், சிரிங்க சார், காசு கொடுத்திருக்கோம். இவ்வளவு கூட்டங்களிலிருந்து எழுந்து போயிருக்கிறார், தான் போன பிறகு அந்த அறையில் மிச்சமிருந்தவர்கள் கையைக் காலை எப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வலது பக்கத்து நாற்காலியின்மேல் கையை வைத்தார், சூடு இன்னும் இருந்தது, ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் நாலு எட்டுத் தூரத்தில்தான், எழுந்து எட்டிப் பார்த்தால் அவள் கடை வாசலில் நிற்கிறாளா பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாளா என்று தெரிந்துவிடும். கூட வராதே என்றவளைப் பின்னாலிருந்து பார்ப்பதும் கூட வருவதுதான். சிரிப்பு அலையலையாக வந்தது, சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது. ஓதிச்சாமி முதுகை நாற்காலியோடு ஒட்டவைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்திருந்தார்.